நகமளவு மங்கல்

பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை. பூதக்கண்ணாடி என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். கார்க் கதவில் மூக்கு உரசுகிற தூரத்தில் முகத்தை வைத்து, சின்ன டார்ச் ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் பெயிண்டை ஆராய்கிற அழகைப் பார்த்துப் பட்டறையின் பெயிண்டர் வைத்த பெயர் அது. வைத்த புதிதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர்களே அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வர ஆரம்பித்ததும், அதுவே அவருக்குப் பட்டம் மாதிரி ஆகிவிட்டது.

மெல்லிய கீறல்களை எடுப்பதுதான் அவர் வேலை. ஆணியால் இழுத்த கோடு, இடித்த பள்ளம் எல்லாம் பெயிண்டரைச் சேர்ந்தவை. கழுவுகிற துணியில் ஒட்டியிருந்த மண் துகள் போட்டுவிட்டுப் போகிற கோடுகள், வெயிலில் நிறுத்தினால் மட்டும் சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரிகிறவை, இவருடையவை. காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அந்தக் கீறல்கள் இருப்பது அதில்தான். அவற்றைத் துடைத்து எறிய முடியாது; கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கிற பூச்சைச் சீவிச் சமமாக்க வேண்டும். பாலிஷ் மெஷினில் பஞ்சு பேட் மாட்டி, அதில் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைத் துளி வைத்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் அசந்தால் பூச்சு போய்விடும். அப்புறம் மறுபடி பெயிண்ட் அடித்தால்தான் உண்டு.

ஒருமுறைகூடத் தான் பூச்சைத் தாண்டிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. அதை மனசோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. டீ குடிக்கும்போது சொல்வார், சாப்பாட்டு நேரத்தில் சொல்வார், வழி கேட்டு உள்ளே வந்தவரிடமும் சொல்வார். "என் பேட்ல கலர் ஒட்டினதை யாராவது பாத்திருக்கீங்களா?" என்பது அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. பேடில் காரின் நிறம் ஒட்டினால் பூச்சு தேய்ந்து நிறத்தையே சுரண்டியாகிவிட்டது என்று பொருள். பெயிண்டர் கொட்டாவி விட்டபடி, "இல்லைண்ணே, இல்லவே இல்லை" என்பார்.

அப்படி இருக்கையில்தான் அந்த அடர்நீலக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் வயதான ஓர் அம்மாள். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய அவருடைய கணவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஞாபகம் தப்பிக்கொண்டே போவதால் வண்டி ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓட்டத்தான் கூடாது, கழுவலாமே என்று தினமும் காலையில் வாளியும் துணியுமாக இறங்கிவிடுவாராம். கழுவி முடித்ததை மறந்துவிட்டு மறுபடியும் கழுவுகிற நாட்களும் உண்டு. அதனால் கார் முழுக்கச் சிலந்தி வலை. "கட்டின பொண்டாட்டியை இப்படி ஒரு நாள் கவனிச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்று அந்த அம்மாள் சிரித்தார். டிரைவரும் சேர்ந்து சிரித்தார்.

பூதக்கண்ணாடி இருவரையும் நிற்க வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். பழைய துண்டு ஆகாது, காய்ந்த துணி ஆகவே ஆகாது, முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு மெத்தென்ற துணியால் மேலோட்டமாகத் துடைக்க வேண்டும் என்றார். டிரைவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். இனிமேல் பதமாகச் செய்கிறேன் தம்பி என்றார்.

வேலை நன்றாகவே போயிற்று. கதவுகளும் கூரையும் முடிந்து பானெட்டுக்கு வந்தார். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு ஓடியது. மடிப்பிலும் விளிம்பிலும் பூச்சு மெல்லிசாகத்தான் இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிக்கொண்டுதான் மெஷினை வைப்பது வழக்கம். அன்றைக்கு அவர் ஒட்டவில்லை. அந்தப் பக்கமாகப் போன பெயிண்டர், "டேப் ஒட்டலையாண்ணே?" என்று சும்மாதான் கேட்டார். அது இவருக்குச் சுருக்கென்றது. டேப்பெல்லாம் கை நடுங்குகிறவனுக்கு என்று ஆரம்பித்து, தான் பார்த்த கார்கள், தன்னிடம் வந்து திருப்தியாகப் போன ஆட்கள் என்று தலையைத் திருப்பிப் பேசிக்கொண்டே போனார். மெஷின் மடிப்பின் மேலேயே நின்றது. பெயிண்டர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். இவர் மெஷினைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை பேட் நீலமாகியிருந்தது.

பானெட்டில் நகமளவுக்கு ஒரு மங்கல். அதைப் பார்க்க டார்ச் தேவைப்படவில்லை. முதலில் அவர் கை செய்த காரியம், பேடைக் கழற்றி எண்ணெய்க் கந்தல்களுக்கு அடியில் திணித்ததுதான். பிறகு மங்கலின் மேல் குறையை மறைக்கிற பசையைக் கெட்டியாகத் தேய்த்து, அதன் மேல் மெழுகு பூசினார். மங்கல் காணாமல் போயிற்று. சில நாள் கழுவினால் எல்லாம் கரைந்து உண்மை வெளியே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

காரை அவரே ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். டிரைவர் வாசலிலேயே காத்திருந்தார். பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து, கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு பூதக்கண்ணாடியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையில் காம்பவுண்ட் இருக்கிறது என்று சொல்லி இவர் உருவிக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் கார் திரும்பி வந்தது. அந்த அம்மாளின் பின்னால் டிரைவர் தலை குனிந்தபடி வந்தார். பானெட்டின் நடுவில் அந்த மங்கல், மழை நீர் வடிந்த பிறகு தனியாகத் தெரிந்தது.

"நீங்க அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துத் தேய்ச்சிருக்காரு போல" என்றார் அந்த அம்மாள். "கேட்டா ஞாபகம் இல்லைங்கறாரு."

டிரைவர் நிமிர்ந்தார். "நான்தான் தேய்ச்சிருப்பேன் தம்பி. நீங்க பாடுபட்டுச் செஞ்சதைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுற்றிலும் ஒருவரும் இல்லை. பெயிண்டர் உள்ளே பெயிண்ட் அடிக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையாக இருந்தார். பூதக்கண்ணாடியின் கண் அந்தக் கதவின் மேலேயே இருந்தது. பெயிண்டர் வெளியே வந்து ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும், இது நாரின் வேலையா மெஷினின் வேலையா என்று சொல்லிவிடுவார்.

"பரவாயில்லைங்க ஐயா" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "வயசானா நடக்கிறதுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுபடி பெயிண்ட் அடித்துவிடலாமா என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, இத்தனூண்டு இடத்துக்கு எதற்கு என்று தட்டிக் கழித்து, அவசர அவசரமாகக் கொஞ்சம் மெழுகைத் தடவி அனுப்பினார். இனிமேல் வாளியைக் கணவர் கண்ணிலேயே காட்டப் போவதில்லை என்றார் அந்த அம்மாள். டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கார் கிளம்பும்வரை மடியிலிருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் மன்னித்து அனுப்பிவிட்டேனே என்பது பூதக்கண்ணாடிக்கு ஒரு வாரம் கழித்து, ஓர் இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் முழுசாக உறைத்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். துணிகளைத் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தில் பாதியைச் சுமக்கிற அவர் மனைவி, தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று கேட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னார். ஆளை மட்டும் மாற்றிச் சொன்னார். மெஷினைப் பிடித்திருந்ததும் மறைத்ததும் பெயிண்டர் என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. நாக்கு தானாகத் திரும்பிவிட்டது.

"இவ்வளவு மோசமான ஆளா அவரு? தினம் நம்ம வாசல்ல வந்து நிக்கிறாரே" என்றாள்.

பெயிண்டர் தினமும் காலையில் பைக்கில் வந்து இவரை ஏற்றிக்கொண்டு போவார். அவள் காபி கொண்டுவந்து தருவாள். இருவரும் ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். மறுநாள் காபி வரவில்லை. பெயிண்டர், "என்ன அண்ணி, பால் திரிஞ்சு போச்சா?" என்று கேட்டதற்கு அவள் கதவைச் சாத்தினாள்.

பைக் கொஞ்ச தூரம் போனது. நான் அண்ணிக்கு என்ன தப்பு பண்ணினேன் என்று பெயிண்டர் கேட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பூதக்கண்ணாடிக்குக் காது மடல் சுட்டது. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

பெயிண்டர் பைக்கை ஓரம் கட்டினார். தன்னைக் கிண்டல் செய்யப் போகிறார் என்று இவர் காத்திருந்தார். பெயிண்டர் சிரிக்கவில்லை.

"பூச்சு எல்லாருக்கும்தான் போகும். எனக்குப் போனதைக் கணக்கே வெச்சுக்கறதில்லை" என்றார். பிறகு, "அந்தப் பெரியவர் இப்போ எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

பூதக்கண்ணாடிக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தெரிந்தது. வழி எது என்று மட்டும் கேட்டுவிட்டு, பெயிண்டர் பைக்கைப் பட்டறைப் பக்கம் விடாமல் அந்த வீட்டுப் பக்கம் திருப்பினார். வாசலில் இவரை இறக்கிவிட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டார்.

கார் உறை போர்த்தி நின்றது. டிரைவர் அதன் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடி செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் வெளியே வந்ததும், "அம்மா, அது ஐயா செஞ்சதில்லை. நான் செஞ்சது. மெஷின்ல போயிடுச்சு, மறைச்சுக் குடுத்துட்டேன்" என்றார்.

அந்த அம்மாள் கை துடைத்த துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"உங்களுக்கு வெக்கம். சரி. அவருக்கு?"

அந்த அம்மாளே தொடர்ந்தார். அன்றிலிருந்து குழாயைத் திறப்பதற்கும் தன்னிடம் உத்தரவு கேட்கிறார் என்றார். டம்ளரை எடுக்கவும் யோசிக்கிறார், கை கெட்டுவிட்டது என்கிறார். "நானும் சும்மா இருக்கலை. தினம் ஒரு தடவை குத்திக் காட்டினேன்" என்றார். பிறகு கணவரின் அருகில் போய்க் குனிந்து, கெடுத்தது நீங்கள் இல்லை, இந்த ஆள்தான், தானே வந்து சொல்கிறார் என்று நிதானமாகச் சொன்னார்.

டிரைவர் பூதக்கண்ணாடியை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லை, நான்தான் தேய்ச்சேன்" என்றார். "நாரை எடுத்தேன், அழுத்தித் தேய்ச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. இந்தத் தம்பி நல்லவரு, என்னைக் காப்பாத்தப் பாக்குறாரு."

சாப்பிட்டதும் கழுவியதும் ஞாபகத்தில் நிற்காத மனிதர் அவர். நடக்காத இந்த ஒன்று மட்டும் நன்றாக வேர் விட்டிருந்தது. பூதக்கண்ணாடி அவர் காலடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். டேப் ஒட்டாததைச் சொன்னார், பேச்சு சுவாரஸ்யத்தைச் சொன்னார், பேடை ஒளித்ததைச் சொன்னார். டிரைவர் ஒவ்வொன்றுக்கும் இரக்கத்தோடு தலையாட்டினார். கடைசியில் இவர் தோளில் தட்டி, விடுங்க தம்பி என்றார்.

பட்டறை முதலாளியிடம் சொன்னதும் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலையில் மனைவி பெயிண்டருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்து, தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க என்றாள். இவரோடு சரியாகப் பேச அவளுக்கு வெகு நாள் ஆயிற்று.

பானெட்டுக்குப் பெயிண்டர் புதுசாகப் பெயிண்ட் அடித்தார். அந்த அம்மாள் வாளியை எடுத்துக் கணவரின் கையில் கொடுத்தார். அவரும் கழுவ ஆரம்பித்தார், ஆனால் பானெட்டைத் தொடுவதில்லை. சுற்றி வந்து அந்த இடத்தில் நின்று, துணியை மனைவியிடம் நீட்டிவிடுவார்.

இதை அந்த அம்மாள் சொல்லிக் கேட்டபிறகு, பூதக்கண்ணாடி வேலையில்லாத காலை நேரங்களில் அந்தத் தெரு வழியாகப் போவார். பார்ப்பார், வந்துவிடுவார். ஒரு நாள் அந்த அம்மாள் பார்த்துவிட்டார். உள்ளே வரச் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. எனக்கு இடுப்பு வலி, பானெட்டை நீங்கள் கழுவுங்கள் என்றார்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். டிரைவர் பக்கத்தில் வந்து நின்று, அவர் கை போகிற இடத்தையெல்லாம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பின் அருகே துணி வந்ததும் பொறுக்க முடியாமல் இவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மெதுவா தம்பி. நான் ஒரு தடவை இங்கதான் அழுத்தித் தேய்ச்சுட்டேன்."

"சரிங்க ஐயா" என்றார் பூதக்கண்ணாடி. தலையை நிமிர்த்தாமல், இன்னும் மெதுவாகத் துடைத்தார்.