கையொப்பத்துக்குக் கீழே இரண்டு வரிகள்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது. சனிக்கிழமைகளில் என் அண்ணை எழுதிக் கொண்டுவருவதை, தங்கை நான் அதில் அடித்துக் கொடுப்பேன். ஊரில் சரித்திர விரிவுரையாளராக இருந்த அவர், ஹவுன்ஸ்லோவில் ஒரு களஞ்சியத்துக்குக் காவலாளி. வேலையில்லாத நாட்களில் நூலகத்துக்குப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒருவர் தன் லண்டன் நண்பருக்கு எழுதிய கடிதங்களை நூலாக்குவதற்காகப் பென்சிலால் பிரதி எடுப்பார். பெரிய நூல்கள் எழுதிய அந்த மனிதருக்கு நடுவயதிலேயே பார்வை போய்விட்டது. அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் அவருடைய தங்கை.

ஒரு கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை அண்ணை பிரதியில் கோடிட்டு வெட்டியிருந்தார். கையொப்பத்துக்குக் கீழே தங்கை தானாகச் சேர்த்தவை அவை. நலம் என்று எழுதச் சொன்னார், ஆனால் அவர் நலமாக இல்லை, நானும் களைத்துப்போனேன் என்ற பொருளில் எழுதியிருந்தாள். பார்வையற்ற தமையனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நான் அந்த வரிகளையும் சேர்த்து அடித்தேன்.

அண்ணை படித்துவிட்டு, “அது அவளின்ர கதை. நாங்கள் அவரைப் பற்றியெல்லோ எழுதுறம்” என்றார்.

“அவள் எழுதாட்டி அவரின்ர ஒரு கடிதமும் உங்கட கைக்கு வந்திராது அண்ணை.”

அவர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று சனிக்கிழமைகள் வரவில்லை. வந்தபோது, வேறு பல கடிதங்களிலும் அவள் எழுதியிருப்பதாகவும், முன்பு தானே அவற்றை விட்டுவிட்டதாகவும் சொன்னார். “எல்லாம் முதலிலயிருந்து பார்க்க வேணும்.” பிரதிக்காகக் காத்திருந்த பதிப்பகம், தவணை தவறியதும் கைவிட்டது. அதற்காக அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மேலும் நான்கு வருடங்கள் உழைத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் வேறொரு சிறிய பதிப்பகம் நூலை வெளியிட்டது. அட்டையில் வரலாற்றாசிரியரின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் தங்கையின் பெயர் இருந்தது. இன்று அந்தக் கடிதங்களைக் கணினியில் எவரும் பார்க்கலாம். அண்ணைதான் இல்லை.

அவர் எனக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை. புத்தகம் வந்த அன்று அதை என் முன்னால் வைத்துவிட்டு, அந்த வீட்டில் அதுவரை கேத்திலைத் தொட்டிராத அண்ணை, எழுந்துபோய் எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சீனி கூடிவிட்டது. முழுவதையும் குடித்தேன்.