பள்ளியை மூட விடாத அம்மா

உறவினர்களே, நண்பர்களே, இந்த நினைவு மலரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படிக்காதீர்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது.

அம்மா பிறந்தது தெலுங்கு மண்ணில், லாலாகுடா ரயில்வே குடியிருப்பில். படித்து, அங்கேயே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை ஆனார். வேலையில் சேர்ந்த கையோடு ஆசிரியர் சங்கத்திலும் சேர்ந்தார். "டீச்சருக்கு எதுக்கும்மா சங்கம்?" என்று பெரியப்பா கேட்டார்.

"தனியாப் போனா ஆபீசர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நாலு பேராப் போனா நாற்காலி போடச் சொல்றார்."

ஆனால் எல்லாவற்றுக்கும் சங்கத்தைத் துணைக்கு அழைக்க விடமாட்டார். வகுப்புக்கு மட்டம் போட்டு மாட்டிக்கொண்ட ஆசிரியர் ஒருவர் வீடு தேடி வந்தபோது, "இதுக்கெல்லாம் நான் பேச மாட்டேன், நக்கோ, வேணாம்! போய்ப் பாடம் நடத்துங்க சார்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகள் குறைந்துவிட்டதாகச் சொல்லி, அம்மாவின் பள்ளியை மூடி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்க்க முடிவானது. லாரி பறக்கும் ரோட்டைத் தாண்டிச் சின்னக் குழந்தைகள் போகாது, படிப்பை விட்டுவிடும் என்று அம்மா தவித்துப்போனார். சங்கம் உண்ணாவிரதம் அறிவித்தது. சங்கக் கூட்டம் என்றால் எல்லோருக்கும் அம்மாதான் சாப்பாடு கொண்டுபோவார். அன்றும் பழக்கதோஷத்தில் பெரிய கேரியர் நிறையப் புளியோதரையோடு பந்தலில் போய் இறங்கினார்! அவ்வளவு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா உட்பட எல்லோரும் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டது காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள்.

மாலையில் வந்த அதிகாரி, "பிள்ளைகளைச் சேர்த்துக் காட்டுங்கள், மூட மாட்டோம்" என்றார். சங்கத்தினர் கோடை விடுமுறையைத் துறந்து, தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் வீடு வீடாகப் பேசினார்கள். "எங்க கிளாஸுக்கு அனுப்பிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்பதுதான் அம்மாவின் ஒரே பேச்சு. ஜூனில் பெஞ்சு பற்றவில்லை. பள்ளி பிழைத்தது.

சென்ற ஆண்டு அம்மா இரண்டே நாள் நோயில் எங்களை விட்டுப் போனார். ஓய்வு பெற்றவர்தான் என்றாலும், மரியாதைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடத் தலைமையாசிரியர் நினைத்தாராம். சங்கத் தோழியர் தடுத்துவிட்டார்கள்.

"மூடக் கூடாதுன்னு பட்டினி கிடந்தவங்க சார். அவங்க பேர்ல நாமளே மூடுறதா?"

கடைசி மணி வரை பாடம் நடத்திவிட்டு, சாக்பீஸ் தூசு படிந்த புடவைகளோடு ஓடி வந்தார்கள். அதுவரை நாங்கள் அம்மாவை எடுக்கவில்லை.

மருத்துவமனையில் உடனிருந்தவர்கள், தோள் கொடுத்தவர்கள், சமைத்துப் போட்ட அண்டை வீட்டார் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அன்று தாமதமாக வந்த அந்த ஆசிரியர்களுக்கு முதல் நன்றி.

– மகள்