கரடி பாட வேண்டிய இடம்

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் நாங்கள் இருந்த வீட்டில் சனிக்கிழமை காலையில் நானும் மகளும் மட்டும்தான். மனைவி ஆறு மணிக்கே ஒரு முதியோர் இல்லத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விடுவாள். எனக்கு இத்தாலிய உணவகம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை, அது மத்தியானம்தான் தொடங்கும். எட்டு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் வீடு எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம். மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் இருப்பாள். நான் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து, அடுப்பை நிற்பாட்டினேனா, விசாக் கடிதத்துக்குப் பதில் போட்டேனா, கீழ்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். என்னுடைய மூளை அப்படி. ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில், ஏன் ஒன்றும் வரவில்லை என்று பயப்படும்.

அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் பழைய அமெரிக்கக் கார்ட்டூன்களைத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். நான் பிறந்த காலத்தில் கீறியவை என்று பார்த்தவுடனேயே தெரியும். ஓடுகிறவனுக்குப் பின்னால் ஒரே மரம்தான் நாலு தரம் வரும். மகளுக்குப் பிடித்தது ஒரு இசைக்குழுவின் கதை. கரடி மேளம் அடிக்கும், இரண்டு நரிகள் கித்தார் வாசிக்கும், ஒரு தாரா வாத்து பாடும். மஞ்சள் பஸ் ஒன்றில் ஊர் ஊராகப் போவார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கள்ளன் இருப்பான். அவன் இவர்களைத் துரத்திக்கொண்டு வரும்போதே, ஒரு காரணமும் இல்லாமல், பாட்டுத் தொடங்கிவிடும். ஓடுகிறவர்களும் துரத்துகிறவனும் தாளம் தப்பாமல் ஓடுவார்கள். பாட்டு முடிய, கள்ளன் பிடிபட்டிருப்பான்.

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு ‘பபிள்கம்’ என்று பெயர் இருப்பது எனக்குக் கனகாலத்துக்குப் பிறகுதான் தெரியும். பொருத்தமான பெயர்தான். இனிப்பு, கைதட்டல், ஒரே வரி பத்துத் தரம். வாயில் ஒட்டினால் லேசில் போகாது. குசினியில் வெங்காயம் வெட்டும்போது என் கத்தி அந்தத் தாளத்தில் போகும். அதைப் பாடியவர்கள் யாரென்றே பலருக்குத் தெரியாதாம். கூலிக்கு வந்து ஒரு அறைக்குள் நின்று பாடிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். கரடிக்குக் குரல் கொடுத்த மனிதனுக்கும் ஒரு மகள் இருந்திருப்பாளோ, அவளுக்குத் தன் தகப்பன்தான் அந்தக் கரடி என்று தெரிந்திருக்குமோ என்று சில நேரம் யோசிப்பேன்.

கதை முழுக்க ஜெர்மன் மொழியில் போகும். அதில் பாதி எனக்கு விளங்காது. மகள் சிரித்த பிறகுதான் நான் சிரிப்பேன். ஊரில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது இடம்பெயர்ந்தோம், அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கே வந்து படித்த ஜெர்மன் எல்லாம் குசினி ஜெர்மன். ஆனால் பாட்டை மட்டும் மொழிமாற்றாமல் ஆங்கிலத்திலேயே விட்டிருந்தார்கள். ஆங்கிலம் எனக்கும் வராது, அவளுக்கும் அப்போது வராது. பாட்டு வந்தவுடன் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அந்த வீட்டில் நான் அவளுக்குப் பின்னால் ஓடாத மூன்று நிமிஷம் அதுதான்.

பங்கு பிரித்தது அவள். தாரா அவள். தாரா மூச்சு எடுக்கிற இடங்களில் கரடி அடித்தொண்டையால் ‘பம் பம் பபம்’ என்று ஒரு சத்தம் போடும். அது நான்.

“அப்பா, பிந்திப் போச்சு! தாரா வாயை மூடினவுடன நீங்கள் தொடங்கோணும்.”

“கரடிக்கு வயசு போட்டுது குஞ்சு.”

“கரடிக்கு ஒண்டும் இல்லை. நீங்கள் வேற எதையோ யோசிக்கிறியள்.”

அவளுக்கு அப்போது பத்து வயது. நாலாம் வகுப்பு.

அந்த நவம்பரில் வகுப்பு ஆசிரியையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பில் ஒரு சின்னக் கொண்டாட்டம். ஒவ்வொரு பிள்ளையும் தாயோடு அல்லது தகப்பனோடு சேர்ந்து ஏதாவது செய்து காட்ட வேண்டும். மகள் அதை வாசித்து எனக்குத் தமிழில் சொல்லி முடிக்க முதலே குதித்தாள்.

“எங்கட பாட்டு! அப்பா, எங்கட பாட்டைப் பாடுவம். நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ.”

ஓம் என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். அன்றைக்கே அவள் மண்ணிற மட்டையில் எனக்குக் கரடிக் காது வெட்டினாள். தனக்கு மஞ்சள் சொண்டு. இரண்டு சனிக்கிழமை, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழகினோம். நான் ஒரு இடத்திலும் பிந்தவில்லை.

கடிதத்தின் பின்பக்கத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். வெள்ளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோருக்கு ஆசிரியையோடு ஒரு ‘டெர்மின்’, நேரம் குறித்த சந்திப்பு. பிள்ளை நாலாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று பேசுவதற்கு. இந்த நாட்டில் பத்து வயதிலேயே பிரித்துவிடுவார்கள். கிம்னாசியம் என்றால் பல்கலைக்கழகம் வரைக்கும் நேர்வழி. ஹவுப்ட்ஷூல என்றால் கெதியில் வேலைக்குப் போகிற வழி. எங்கள் பிள்ளைகள் கனபேரை இரண்டாவதற்குத்தான் அனுப்புகிறார்கள் என்று கோவிலிலும் கடையிலும் கதை. எனக்கு அன்றோடு நித்திரை போய்விட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். என்னால் என் பிள்ளைக்கும் அது வந்துவிடக் கூடாது.

கீழ்வீட்டில் ஒரு அண்ணை இருந்தார். எங்களுக்குப் பத்து வருஷம் முதல் வந்தவர், எல்லோருடைய ஜெர்மன் கடிதங்களையும் அவர்தான் வாசித்துச் சொல்வார். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“தம்பி, இது பிள்ளையளின்ர பகிடி விளையாட்டு. போய்க் கூத்தடிச்சுப் போட்டு வா.”

“இல்லை அண்ணை, வெள்ளிக்கிழமை இது, செவ்வாய்க்கிழமை அது. ஏன் இவ்வளவு கிட்டக் கிட்ட வைச்சிருக்கினம்?”

“வெள்ளிக்குப் பிறகு செவ்வாய் வாறதுக்கு அந்த மனிசி என்ன செய்யிறது?”

“தாய் தேப்பன் எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு முதல் பாக்கப் போகினம். வீட்டில எந்த நேரமும் ரீவிதான் எண்டு நினைச்சுப் போடுவா.”

அண்ணை கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “உனக்குப் பஸ்ஸில ரிக்கெற் பாக்கிறவன் வந்தாலும் அகதி விசாரணைதான்.”

பகிடியாகச் சொன்னார். ஆனால் உண்மை அதுதான். இந்த நாட்டுக்கு வந்து முதன்முதல் நான் வாய் திறந்த இடம் விசாரணை அறை. அங்கே ஒரு தேதியை மாற்றிச் சொன்னதால் கனவருஷம் இழுபட்டேன். அதற்குப் பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் பேனையோடு யார் இருந்தாலும், அவர்கள் என்னை எழுதுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த வருத்தம் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அதிகம்.

புதன்கிழமை மகளைக் கூப்பிட்டேன்.

“குஞ்சு, அந்தப் பாட்டு வேண்டாம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிச்ச தேவாரத்தைப் பாடுவம்.”

“ஏன் அப்பா?”

“அது ரீவிப் பாட்டு. இது எண்டால் எங்களை நல்ல ஆக்கள் எண்டு நினைப்பினம்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை நான் மாறியிருப்பேன். 

“தேவாரத்தில பம் பம் இல்லையே. நீங்கள் என்ன செய்வியள்?”

“நான் பக்கத்தில நிப்பன்.”

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பிள்ளை ஆசையாப் பழகினதெல்லே. உங்களுக்கென்ன விசரே?”

“நீ பேசாமல் இரு. நாளைக்கு ஹவுப்ட்ஷூலக்கு அனுப்பினால் நீதான் முதல் அழுவாய்.”

அவள் திரும்பவும் அடுப்பைப் பார்க்கப் போனாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. எனக்கு அது தெரியும், தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நான் கலியாணக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு போனேன். கக்கத்தில் நீலக் கோப்பு. எந்த டெர்மினுக்குப் போனாலும் அந்தக் கோப்பு கூட வரும். பிறப்புச் சான்றிதழிலிருந்து மகளின் நீச்சல் பத்திரம் வரைக்கும் எல்லாம் அதற்குள். மகள் பட்டுப் பாவாடை சட்டை, நெற்றியில் திருநீறு, மேலே குளிருக்கு மொத்தமான ஜாக்கெட்.

வகுப்புக்குள் போனால், ஒரு தகப்பன் பெண்சாதியின் பாவாடையை உடுத்திக்கொண்டு நிற்கிறார். இன்னொருவர் நாய் மாதிரிக் குரைத்துக்கொண்டு மகன் பிடித்த வளையத்துக்குள்ளால் பாய்கிறார். அவர் ஒரு வங்கியில் பெரிய ஆள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு தாய் தலையில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு நடந்தார், அது விழுந்து உருண்டது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணை சொன்னது சரி என்று அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் கோட்டுப் பொத்தானைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

எங்கள் முறை வந்தது. மகள் கைகூப்பிப் பாடினாள், சுத்தமாகப் பாடினாள். நான் கோப்பை அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அறை அமைதியாகிவிட்டது. உருளைக்கிழங்குத் தாய் எழுந்து நின்றுவிட்டார். பாடி முடிய மரியாதையாகக் கைதட்டினார்கள். அவ்வளவு நேரமும் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆசிரியை மகளுக்கு முன்னால் குந்தியிருந்து ஏதோ கேட்டார். ‘மற்றப் பாட்டு’ என்பது எனக்கு விளங்கியது. அதற்குள் பிள்ளைகள் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டார்கள். பம் பம் பபம். அதே தாளம். அவள் இடைவேளைகளில் வகுப்பு முழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். “பேர்! பேர்!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். பேர் என்றால் கரடி. அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

மகள் என்னைப் பார்த்தாள். அவளுடைய பை கதிரையில் வாய் திறந்து கிடந்தது. உள்ளே மண்ணிற மட்டை. வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் கொண்டு வந்திருக்கிறாள்.

நான் ஆசிரியையின் கையைப் பார்த்தேன். அதில் ஒரு பேனை இருந்தது. யார் செய்து காட்டி முடித்தார்கள் என்று அடையாளம் போடுகிற பேனைதான், இப்போது யோசித்தால் தெரிகிறது.

“நைன், டாங்க” என்றேன். வேண்டாம், நன்றி. என்னுடைய ஜெர்மனில் பிழையில்லாமல் வருகிற இரண்டு சொல்.

தட்டுகிற சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. மகள் பையை மூடிவிட்டு இடத்தில் போய் இருந்தாள்.

திரும்பி வரும்போது ட்ராமில் கேட்டாள், “அப்பா, நான் பிழை விடாமல் பாடினனானோ?”

“ஓம் குஞ்சு. ஒரு பிழையும் இல்லை.”

செவ்வாய்க்கிழமை டெர்மினுக்கு நானும் அவளும் போனோம். மொழிபெயர்ப்பது அவள்தான். எங்கள் வீடுகளில் அப்படித்தான், பிள்ளையைப் பற்றிப் பேசுகிறதைப் பிள்ளையே தமிழில் சொல்ல வேண்டும். ஆசிரியை ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். கிம்னாசியம்.

“இதை ஒக்டோபர் லீவிலேயே எழுதி வைச்சிட்டாவாம்,” என்றாள் மகள். “யோசிக்க ஒண்டும் இருக்கேல்லையாம்.”

கோப்பைத் திறக்கவே தேவைப்படவில்லை. நான் நன்றி சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன். ஆசிரியை எழும்பாமல் இன்னும் கனநேரம் பேசினார். மகளைப் பார்த்துச் சிரித்தார், என்னைக் காட்டினார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கரடி என்ற சொல் மூன்று தரம் வந்தது. கடைசியில் “ஷாட” என்றார். அதுவும் எனக்குத் தெரிந்த சொல். கேட்ட சாப்பாடு முடிந்துபோய்விட்டது என்றால் உணவகத்துக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அட, பரவாயில்லை, ஆனால் கவலைதான் என்கிற மாதிரி.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

மகள் தன் கையைப் பார்த்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமை நல்லா இருந்ததாம்,” என்றாள்.

அவ்வளவு நீளப் பேச்சுக்கு அவ்வளவுதான் தமிழ். என் மகள் என்னைக் காப்பாற்றுவதற்காக முதன்முதலாகக் குறைத்து மொழிபெயர்த்த இடம் அது. நான் விளங்காத மாதிரித் தலையாட்டினேன். அங்கேயே கேட்டிருக்கலாம். வழியில் கேட்டிருக்கலாம். மன்னிச்சுக்கொள் குஞ்சு என்று ட்ராமில் சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் தகப்பன்மார் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்கிற பழக்கம் இல்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வந்த சனிக்கிழமை நான் வழமையைவிட முந்தி எழும்பி, முகம் கழுவி, சோபாவில் வந்து இருந்தேன். தேத்தண்ணி கூடப் போடவில்லை. கள்ளன் வந்தான், துரத்தத் தொடங்கினான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

மகள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

“அப்பா, நீங்கள் போய்ப் படுங்கோ. நேற்று வேலை கூடவெல்லே. நான் சத்தமில்லாமல் பாக்கிறன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன். வீட்டுக்கு வந்த ஒருவரைக் கரைச்சல் படுத்தக் கூடாது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். ‘இல்லைக் குஞ்சு, நானும் பாடுறன்’ என்று ஒரு வசனம் போதும், அது என் வாய்க்குள் இருந்தது. ஆனால் பிள்ளை என் உடம்பை யோசித்துச் சொல்கிறாள், மறுத்தால் அவளுக்குச் சங்கடமாகிவிடுமோ என்று அதற்கும் எனக்கு ஒரு பயம் வந்தது.

போய்ப் படுத்தேன்.