அடுப்பு அணைந்த ஞாயிறுகள்

ஊரே வயிற்றைக் கட்டும் தவக்காலத்தில்தான் கரண்டியம்மாவுக்கு இடுப்பொடிய வேலை. சாம்பல் புதன் பூசை முடித்து, நெற்றியில் சாம்பலோடு வரும் பங்குத்தந்தை, "இனிமே உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இறைச்சி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். இறைச்சி என்றால் ஒரு சட்டி, ஒரு கொதி, வேலை முடிந்தது. இறைச்சி இல்லையென்றால் மீன் வறுக்க வேண்டும், காளான் சூப் வைக்க வேண்டும், முட்டையில் ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும், நாக்கு செத்துவிட்டதென்று அவர் முனகாமலிருக்க இனிப்பாக ஒன்றும் வேண்டும். ஒறுத்தல் அவருடையது, வியர்வை இவளுடையது. புண்ணியம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை.

கட்டியவன் விட்டுவிட்டு ஓடிய வருஷம் கோயிலை ஒட்டிய பங்கு வீட்டின் சமையலறைக்குள் நுழைந்தவள் அவள். பிள்ளை இல்லை. பெற்றோர் வைத்த பெயரை ஊர் மறந்து, கையில் இருந்ததையே பெயராக்கிவிட்டது. சாமியார்கள் மாறினார்கள். ஒருவருக்கு வயிற்றுப் புண், அடுத்தவருக்குச் சர்க்கரை, அதற்கடுத்தவருக்கு ஒரு வியாதியும் இல்லை, வெறும் பெருந்தீனி. ஆன்மாவைப் பற்றி அவர்கள் பேசியதெல்லாம் பீடத்தில். அவளுக்குத் தெரிந்தது அவர்களுடைய வயிறு மட்டும்தான்.

ஞாயிறு விடியற்காலைப் பூசை நேரத்தில் காலைச் சாப்பாடு, பெரிய பூசை நேரத்தில் மதிய விருந்து. ஆகவே பூசையை அவள் பார்த்ததில்லை, சன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். வாசகம் தொடங்கினால் அடுப்பைப் பற்றவைப்பாள். பீடத்து மணி அடித்தால் தீயைக் குறைப்பாள். பிரசங்கம் நீளும் ஞாயிறுகளில் ஏதாவது ஒன்று அடிப்பிடிக்கும்.

அந்த வருஷம் அவள் தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. "ஞானஸ்நானத்துக்கு நீதான்க்கா ஞானத்தாய்" என்று தங்கை சொன்ன அன்று கரண்டியம்மா சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். தன்னைக் காட்டி ஒரு குழந்தை அம்மா என்று சொல்ல இனி அவளுக்கு வேறு வழியில்லை.

புதிதாக வந்திருந்த இளம் பங்குத்தந்தை வறுத்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல விஷயம்தான்," என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஒழுங்கா வர்றவங்கதான் ஞானத்தாயா நிக்க முடியும். உங்கள நான் ஒரு பூசையிலகூடப் பாத்ததில்லையேம்மா."

"பூசை நேரத்துல நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா ஃபாதர்?"

"காரணம் எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்கு மட்டும் விலக்குக் குடுத்தா ஊரு என்ன பேசும்? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஞானஸ்நானம் உயிர்ப்பு ஞாயிறு அன்னிக்குத்தானே. அதுவரைக்கும் ஒரு ஞாயிறு விடாம வாங்க, பாப்போம். அந்த இன்னொரு துண்டையும் வையுங்க."

வைத்தாள். சட்டம் பேசுகிறவர்களுக்கு வயிறு நிறைந்திருக்கும்போது குரல் நன்றாக வருகிறது.

அடுத்த ஞாயிறு பெரிய பூசைக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். மதியம் மேசையில் காய்ந்த ரொட்டியும் ஆறிப்போன அவித்த முட்டையும் இருந்தன. இனித் திட்டு விழும் என்று காத்து நின்றாள். பங்குத்தந்தை தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண் கலங்கினார். "தவக்காலத்தோட அர்த்தத்தை நீங்களாவது புரிஞ்சுக்கிட்டீங்க," என்றார். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். மறுவாரம் பிரசங்கத்தில், தன் சமையலறையே மனம் திரும்பிவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்டார். மனம் திரும்பியவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையையும் மேசையையும் சேர்த்துப் பார்க்க அந்தப் படிப்பாளிக்குத் தோன்றவே இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு நெருங்கியது. பெரிய பூசைக்குப் பிறகு மறைமாவட்டத்திலிருந்து வரும் மூத்த குருவுக்கும் பங்கின் பெரிய மனுஷர்களுக்கும் விருந்து. ஆட்டுத்தொடை வந்து இறங்கியது.

தங்கைக்குப் பயம். "நாளைக்கு மட்டும் சமைச்சுட்டு, கடைசியில எட்டிப் பாத்துட்டு வந்துரு அக்கா. அந்த வேலையும் போச்சுன்னா எங்க போவ?"

"ஒரு ஞாயிறு விடக்கூடாதுன்னாரு. நாளைக்கு ஞாயிறா இல்லையாடி?"

"உனக்குக் கொழுப்பு."

"ஆமா, ஆட்டுத்தொடையிலயும் நிறைய இருக்கு. அது பாட்டுக்குக் குளிர்ப்பெட்டியில இருக்கட்டும்."

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. பீடத்து மணி அடித்ததும் அவள் கை தன்னையறியாமல் தீயைக் குறைக்கப் போனது. பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது பங்குத்தந்தை முன்வரிசையைப் பார்த்தார். பிறகு பக்கக் கதவு வழியாகச் சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்தார். புகை இல்லை. பாட்டில் ஒரு வரியை விழுங்கிவிட்டார். அதற்குப் பிறகு பூசை ஓட்டமாக ஓடியது.

பூசை முடிந்து ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையை ஏந்தி நின்றவளிடம் குனிந்தார்.

"அடுப்பு?"

"பத்தவைக்கல ஃபாதர்."

"விருந்தாளிங்க வந்திருக்காங்கம்மா."

"பாத்தேன்."

"இப்பப் போய் ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சிரும். குழந்தைக்குச் சாயங்காலம் வச்சுக்கலாம். நான் விலக்குத் தர்றேன்."

கேட்டபோது கிடைக்காத விலக்கு. கரண்டியம்மா குழந்தையை இன்னும் சேர்த்து ஏந்திக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"வேண்டாம் ஃபாதர். எனக்கு மட்டும் விலக்குக் குடுத்தா ஊரு என்ன பேசும்?"

பின்னாலிருந்து மூத்த குரு இருமினார். "என்ன தாமதம்? பசிக்குது. சீக்கிரம் ஊத்துங்க."

தொட்டியைச் சுற்றி ஊர் நின்றுகொண்டிருந்தது. அவர் கேட்ட ஞாயிறுகள் அத்தனையும் அவர் கண் முன்னாலேயே நிறைவேறியிருந்தன. "ஞானத்தாய் யார்?" என்று சடங்குப்படி கேட்டார். "நான்தான்," என்றாள். தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீரிட்டது. அந்தக் கோயிலில் அன்று மனதிலிருந்து வந்த சத்தம் அதுதான்.

மூத்த குருவிடம் யாராவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். கரண்டியம்மாவே சொன்னாள். அவர் இளையவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்ப நமக்குச் சாப்பாடு?"

"என் தங்கச்சி வீட்டுல இருக்கு. பக்கத்துத் தெருதான். தரையில உக்கார முடியும்னா வாங்க."

ஒற்றை அறை. சமைத்தது தங்கையின் புருஷன். பேருந்துப் பணிமனையில் இன்ஜின் கழற்றுகிறவன், கோழியையும் அப்படித்தான் கழற்றியிருந்தான். அங்கியை மடக்கிக்கொண்டு பங்குத்தந்தை கதவோரம் உட்கார்ந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். மூத்த குரு தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"அடுத்த ஞாயிறு..." என்று அவர் மெல்ல இழுத்தார்.

"பூசைக்கு வந்துருவேன் ஃபாதர்," என்றாள் கரண்டியம்மா. "சாப்பாட்டுக்கு நீங்க என்ன செய்யலாம்னு யோசிச்சு வையுங்க." மடியில் தூங்கிவிட்ட குழந்தையின் தலைமேல் சிந்தாமல் தட்டை நீட்டி, தங்கை புருஷனிடம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்னொருவர் சமைத்ததைச் சூடாக அவள் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.