தைப்பூசத்தன்று நடந்த செய்முறைத் தேர்வு

என் மகள் காவ்யா இருபத்தொரு நாள் என்னோடு பேசவில்லை. காரணம் நான்தான். அந்த நாள்களில் முருகன் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் இருக்கிறோம். காவ்யா உயர்நிலை நான்கில், பள்ளியின் கடைசி ஆண்டில், படிக்கிறாள். பள்ளியின் ஏற்பாட்டில், வாரம் ஒரு பிற்பகல் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய்த் தாதிமை, அதாவது நர்சிங், பாடம் ஒன்றும் படித்தாள். அதில் தேறினால், தாதிமைப் பட்டயப் படிப்பில் முன்னுரிமை இடம். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

இடம் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். தைப்பூசத்தன்று இருவரும் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். இங்கே அன்று பொது விடுமுறை இல்லை. பள்ளிக்கு விடுப்புக் கடிதம் கொடுத்தேன்.

"அம்மா, அன்னைக்கு பாலிடெக்னிக்ல பிராக்டிகல் டெஸ்ட் இருக்கு."

"லெட்டர் கொடுத்தாச்சு லா. முருகனுக்கு நேர்ந்ததை மாத்துவாங்களா?"

தைப்பூசத்தன்று பால்குடத்தோடு சிராங்கூன் சாலையிலிருந்து முருகன் கோயில்வரை வெயிலில் நடந்தோம்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. தேர்வுக்கு வரவில்லை, பூஜ்யம். கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"ஸ்கூல் லீவு ஸ்கூலுக்கு மட்டும்தான் மேடம். எங்ககிட்ட யாரும் சொல்லலையே" என்றார் அங்கிருந்த தமிழ்ப் பெண்.

"உங்க முருகன்கிட்டயே போய் சீட் கேளுங்க" என்றாள் காவ்யா. அதோடு பேச்சு நின்றது. தட்டை அறைக்குள் எடுத்துப் போவாள். பாதிச் சோறு அப்படியே திரும்பி வரும். பள்ளிச் சீருடையோடு தூங்கிவிடுவாள். தாதிமைப் பாடக் குறிப்புகளைக் குப்பையில் கண்டேன்.

நான் தினமும் விளக்கேற்றி அந்த இடத்தையே கேட்டேன். இருபத்தோராம் நாள் காலையில் இடத்தைக் கேட்கவில்லை. "தப்பு என்னுடையது. அதைச் சொல்லத் தைரியம் கொடு" என்று மட்டும் சொன்னேன். அன்றே பள்ளிக்குப் போனேன். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வகுப்பாசிரியரிடம் சொன்னேன்: தேர்வு இருப்பதாக இவள் சொன்னாள், நான்தான் தடுத்தேன்.

வெளியே வந்ததும் காவ்யா கேட்டாள்: "சாப்டீங்களா?"

ஆசிரியர் கல்லூரிக்கு எழுதினார். அடுத்த பிரிவினரோடு தேர்வில் கலந்துகொள்ள அனுமதித்தார்கள். தேறினாள். முன்னுரிமை இடம் மட்டும் திரும்பவில்லை. ஆண்டிறுதி மதிப்பெண்ணை வைத்து எல்லோரையும் போல விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம்.

ஆனாலும் முருகனுக்கு நன்றி சொல்கிறேன். என் மகள் மறுபடி என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நீங்களும் அவனை நம்பிக் கேளுங்கள். யாருக்காகக் கேட்கிறீர்களோ, அந்தப் பிள்ளையிடமும் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.