இரண்டாம் நம்பர் டேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது பேய் பிசாசு என்று பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவன். அங்கே ஒரு விபத்து நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து நான் அறிக்கை எழுதுவேன். இப்போது சொல்லப்போவதற்கு மட்டும் என்னால் அறிக்கை எழுத முடியவில்லை. சிரிப்பதானால் சிரியுங்கள், எனக்கொன்றும் இல்லை. எங்களோடு நடக்க வந்துகொண்டிருந்த லெட்சுமணனும் முதலில் சிரித்தவன்தான், இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவனுக்கு எங்கிருந்தோ வேறு வேலை வந்துவிடுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு எல்லைக்கு இந்தப் பக்கம் தம்போயில், எங்கள் தாமான் குடியிருப்பில், என்னோடு சேர்த்துப் பத்துப் பேராக ஒரு நடைக்குழு ஆரம்பித்தேன். ஞாயிறு காலை ஒரு வேன் எடுத்துக்கொண்டு செடெனாக் ஊரைத் தாண்டி ஒரு மலைக்குப் போவோம். மலை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு குன்று, லாரி போகிற செம்மண் பாதை, உச்சியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. ஏற முக்கால் மணி நேரம், இறங்க அரை மணி நேரம், செருப்புப் போட்டுக்கொண்டே ஏறலாம். என் மனைவி வசந்தாவுக்குச் சர்க்கரை, கட்டாயம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நான் இழுத்துக்கொண்டு போவதால்தான் அவள் வருவாள்.

அங்கேயும் நான் ஒரு பலகை செய்து வைத்தேன். கப்பலில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட டேக்கை வாசலில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும், வெளியே வந்ததும் அவனே கழற்ற வேண்டும். பலகை காலியானால்தான் மூடியை மூடுவோம். அடுத்தவன் டேக்கைக் கழற்றினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும், ஏனென்றால் உள்ளே ஒருவன் மயங்கிக் கிடக்கும்போது பலகை காலியாக இருந்தால் அவன் கதை முடிந்தது. அதே மாதிரி மலையடிவாரக் கேட்டில் பத்து ஆணி அடித்த பலகையை மாட்டி, ஆளுக்கொரு டேக் கொடுத்தேன். எனக்கு ஒன்று, வசந்தாவுக்கு இரண்டு.

"அண்ணே, நாம என்ன கப்பலுக்குள்ளயா எறங்குறோம்? காலாற நடந்துட்டு நாசி லெமாக் சாப்பிடப் போறோம் லா" என்று லெட்சுமணன் வாரம் தவறாமல் கிண்டல் செய்வான். டாக்சி ஓட்டுகிறவன், வாய் ஓயாது. ஆனாலும் மாட்டுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏறும்போதே வசந்தா பின்தங்கினாள். நான் திரும்பி, "கொஞ்சம் வேகமா நட, உன்னால எல்லாரும் நிக்கிறாங்க பாரு" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி, பட்டறையில் கத்திக் கத்திப் பழகிய வாய். "நீங்க போங்க" என்றாள், அவ்வளவுதான், அப்புறம் உச்சிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு மூன்று நாள் நிற்கும்.

இறங்கும்போது நான் முன்னால், லெட்சுமணன் கடைசி ஆள். நான் கீழே வந்து என் டேக்கை எடுத்துக்கொண்டு, வேனில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மணி பத்து இருக்கும், சுள்ளென்று வெயில். ஆரஞ்சுத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வசந்தா வந்தாள், நேராக வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் தலையை நீட்டி அவளுடைய பிளாஸ்க்கைக் கொடுத்து, "கோவமா?" என்றேன். சிரித்தாள். "போலாங்க" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, மூன்று நாள் மிச்சம் என்று நினைத்தேன். இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருவது அதற்காகத்தான். நானல்லவா சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொருவராக வந்து டேக்கை எடுத்தார்கள், கடைசியாக லெட்சுமணனும் எடுத்தான். டிரைவர் எஞ்சினைப் போட்டுவிட்டார். பலகையைக் கழற்ற நான் கேட்டுக்குப் போனால் இரண்டாம் நம்பர் தொங்குகிறது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று டேக்கின் கயிற்றில் கைவைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், விரல் கயிற்றின்மேல் இருந்தது, பாதி தூக்கியும் விட்டேன். ஆனால் அடுத்தவர் டேக்கை நான் கழற்றியதே கிடையாது, பெண்டாட்டி டேக் என்றால் மட்டும் சட்டம் மாறிவிடுமா என்று கையை எடுத்துவிட்டேன்.

"வசந்தா, வந்து உன் டேக்க எடு" என்று கத்தினேன்.

"விடுங்கண்ணே, அக்கா களைச்சுப் போயிருக்காங்க, நீங்களே எடுத்துட்டு வாங்க" என்றான் லெட்சுமணன்.

"அவ கையாலதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவளை இறக்கப் போனேன். ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. பிளாஸ்க் மூடியபடி இருக்கையில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பா, எங்கள் எதிர்வீட்டுப் பெண், திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனாள். அவள் முழங்காலைத் தாண்டாமல் யாரும் அந்த இருக்கையிலிருந்து வெளியே வர முடியாது.

"இங்கதாண்ணே இருந்தாங்க. எறங்கவே இல்லையே" என்றாள்.

"எனக்கு முன்னாலதான் எறங்கினாங்க. பாதிவழியில என்னைத் தாண்டிப் போனாங்க, நான் பாத்தேன்" என்றான் லெட்சுமணன். அதனால்தான் அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

சுற்றிலும் செம்பனை வரிசைதான், ஒளிய இடமில்லை. அவள் கைப்பேசி வேனில் வைத்த பையிலேயே இருந்தது. அவள் கீழே வந்துவிட்டாள் என்று என் கண் சொல்கிறது, லெட்சுமணன் கண்ணும் புஷ்பா கண்ணும் அதையே சொல்கின்றன. இன்னும் மேலேதான் இருக்கிறாள் என்று பலகை மட்டும் சொல்கிறது. நான் பலகையை நம்பினேன். அறுபது வயதில் அந்த மேட்டில் ஓடினேன், நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அவளைத் திட்டியதுதான் அவளிடம் நான் கடைசியாகப் பேசியதாக ஆகிவிடுமோ என்கிற பயம் ஒன்றுதான் அப்போது என்னிடம் இருந்தது, வேறெந்தப் பயமும் இல்லை.

மூன்றாவது வளைவில், பாதையோரம் விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுத் துப்பட்டா அவள் கணுக்காலில் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னங்க இப்படி மூச்சு வாங்குது? மொதல்ல வந்தப்ப நல்லாத்தானே இருந்தீங்க."

"எப்ப வந்தேன்?" என்றேன்.

"இது என்ன கேள்வி? அரை மணி நேரம் இருக்கும். ஒதுங்கப் போன எடத்துல காலு பெரண்டுருச்சு, உடனே வந்தீங்களே. நீங்கதானே துப்பட்டாவக் கட்டிவிட்டீங்க. எழுந்திரிக்காத, நான் வர்ற வரைக்கும் இங்கேயே இருன்னு சொல்லிட்டுப் போனீங்க. லேசான வலிதான், நான் மெதுவா எறங்கியே வந்திருப்பேன். நீங்க சொன்னீங்களேன்னுதான் உக்காந்திருக்கேன்."

குனிந்து துப்பட்டா கட்டியிருந்த விதத்தைப் பார்த்தேன். நான் பட்டறையில் கற்றுக்கொண்ட முடிச்சு. வசந்தாவுக்கு அதைப் போடத் தெரியாது, லெட்சுமணனுக்கும் தெரியாது. அதை அவிழ்த்துத் தூக்கி எறிந்தேன், நல்ல துப்பட்டா போச்சே என்று அவள் முனகினாள். தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கேட்டில் அவள் தன் கையால் இரண்டாம் நம்பரைக் கழற்றும்வரை நான் நகரவில்லை. அன்றைக்கு யாரும் கிண்டல் செய்யவில்லை.

வெயில், களைப்பு, கண் ஏமாற்றிவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், நான் பிளாஸ்க்கைக் கையில் கொடுத்தவன். கோழி அறுக்கச் சொன்னார்கள், தகடு கட்டச் சொன்னார்கள், அந்தப் பக்கமே போகாதே என்றார்கள். நான் எதையும் செய்யவில்லை, போகாமலும் இருக்கவில்லை. இப்போது நான்கு பேர்தான் வருகிறோம், வசந்தாவும் வருகிறாள். அவள் என் முன்னால்தான் நடக்க வேண்டும், அவள் நத்தை மாதிரி நடந்தாலும் நான் பின்னால்தான். அந்த மலையில் இருப்பது எதுவானாலும் சரி, என் பெண்டாட்டியை மேலே உட்காரவைத்துவிட்டுத் தான் என்னோடு வீட்டுக்கு வரப் பார்த்தது. அதற்குப் பயந்து நான் வழிவிட வேண்டுமா என்ன?

வேனில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி வசந்தாவுக்குத் தெரியாது, யாரும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். என்னை உறுத்துவது வேறு. அவளுக்கு அந்தக் காலைநேரம் பிடித்திருக்கிறது. நான் வீட்டில் குரலை உயர்த்தினால், "அன்னிக்கு மலையில பக்கத்துல உக்காந்து, காலத் தடவிக்கிட்டு, எவ்வளவு தன்மையாப் பேசினீங்க. அப்படிப் பேசத் தெரியுதில்ல உங்களுக்கு" என்கிறாள். அவள் தங்கச்சியிடமும் புஷ்பாவிடமும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறாள், புஷ்பா என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுகிறாள். அது என்ன பேசியது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அது நான் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் என்னைப் பற்றி அவள் வெளியில் பெருமையாகச் சொல்கிற விஷயம் அது ஒன்றுதான்.