பார்த்திப வருஷத்து அரசிலை

எழுபத்தொன்றாம் ஆண்டு தஞ்சாவூர் கன்னியர் இல்லத்து வாசலில் யாரோ ஒரு பச்சைக் குழந்தையை விட்டுப் போனார்கள். அந்தக் குழந்தைதான் ஜெனிட்டா. இடுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளி அரசிலை கோத்திருந்தது. பெண் குழந்தைகளுக்குக் கட்டும் இலை வடிவத் தகடு. அதை இல்லத்துச் சிஸ்டர் எடுத்து வைத்திருந்து, அவள் கும்பகோணத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிய நாளில் கையில் கொடுத்தார்.

கடையின் பூதக்கண்ணாடியை அரசிலையின் பின்பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு மீன் தெரிந்தது. மீனுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பார்த்திப’ என்று இருந்தது.

வருஷப் பெயர் என்பது புரிந்தது. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருமே! 1885 என்றால் அது யாரோ பாட்டிக்குப் பாட்டி காலத்து நகை. 1945 என்றால், தன்னைப் பெற்றவளே குழந்தையாக இருந்தபோது கட்டியிருக்கலாம். அந்த ஒரு நினைப்பு அவளை விடவில்லை.

மீன், செய்தவரின் முத்திரை; அதே முத்திரை வேறு பொருளில் கிடைத்தால் எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். பழைய வெள்ளி வாங்கி உருக்குகிற கோவிந்தராசுவின் கடைக்கு ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தாள். உருக்கப் போகும் குங்குமச் சிமிழ், சந்தனப் பேலா, பால் சங்கு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சக்கர முத்திரை யாருடையது, வெற்றிலை முத்திரை எந்த ஊர் என்று கொஞ்ச காலத்தில் அவளே சொல்லத் தொடங்கினாள். கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், தலையும் நரைத்தது. மீன் மட்டும் வரவில்லை.

போன ஆவணியில் வந்தது. பாபநாசத்திலிருந்து கமருன்னிஸா என்ற அம்மாள் ஒரு பன்னீர்ச் செம்பை விற்கக் கொண்டுவந்திருந்தார். அடியில் அதே மீன், அதே ‘பார்த்திப’. கழுத்தைச் சுற்றி மணமக்கள் பெயரும் 1945 என்ற எண்ணும் வெட்டியிருந்தன.

ஜெனிட்டா செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இது யார் செஞ்சதுன்னு தெரியுமாங்க?”

“எங்க அத்தா அம்மா கல்யாணத்துக்குச் செஞ்சது. குத்தாலத்துல மீன்முத்திரை பத்தர்னு சொல்வாங்க. அவரு மகனும் பத்தர்தான். ஏம்மா அழுவுறீங்க?”

அடுத்த நாளே குத்தாலம் பஸ் ஏறினாள். குறுவை அறுத்த வயல்களில் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வரப்பில் நடந்த ஒவ்வொரு வயதான பெண்ணின் முகத்தையும் ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டே போனாள்.

பத்தரும் உயிரோடு இல்லை, மகனும் இல்லை. மகனின் மனைவி வள்ளியம்மை இருந்தார். அரசிலையை வாங்கி, முன்பக்கத்தை விட்டுவிட்டு, கயிறு கோக்கும் வளையத்தைத் தடவினார்.

“மாமனார் செஞ்சது. ஆனா இந்த வளையம் எங்க வீட்டுக்காரர் மாத்திப் பத்தவச்சது. பக்கத்துல நானும் இருந்தேன்.”

“எப்பம்மா?”

“நான் வாக்கப்பட்டு வந்த புதுசு. நல்ல மழை. ஒரு பொண்ணு தனியா வந்துச்சு, மாசமா. கழுத்துல தாலி இல்ல. அதனாலதான் மறக்கல. ‘அறுந்து விழாம கெட்டியா போட்டுக் குடுங்க, நான் சின்னப்புள்ளயில கட்டிக்கிட்டது’ன்னு சொல்லிச்சு. இவரு போட்டுக் குடுத்தாரு. அது வளையத்த நல்லா இழுத்துப் பாத்துட்டுத்தான் போச்சு.”

“பேரு?”

“கேக்கலியேம்மா.”

“எந்த ஊரு?”

“அதுவும் கேக்கல. ஆத்துப் பக்கமா நடந்து போச்சு.”

“முகம்? என்னை மாதிரி இருந்தாங்களா?”

வள்ளியம்மை அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட ஆசைப்பட்டது அவர் கண்ணில் தெரிந்தது. “பொய் சொல்லக் கூடாதும்மா. முகம் ஞாபகமில்ல. குரல்தான். சின்னக் குரல்.”

பெயர் தெரியாமல், ஊர் தெரியாமல், ஒரு குரல் மட்டும் கிடைத்தது. ஜெனிட்டா அழவில்லை. சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அவங்க சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கம்மா” என்றாள். “அவங்க சொன்ன மாதிரியே.”